ஆம்ப்ரோஸ் பர்ட்டனின் சட்டைப் பொத்தான்கள்

பிரிண்டில் கிரீக்கில் மார்ச் மாதத்து முதல் சனிக்கிழமை யாரும் வலது கையால் எதையும் செய்யக்கூடாது. பியர் குடிப்பது, கை குலுக்குவது, மூக்குச் சிந்துவது எல்லாம் இடது கைதான். காரில் கியர் போடுவது எப்படியும் இடது கை என்பதால், அன்றைக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் முகத்தில் தனிப் பெருமை ஒன்று தெரியும். வலது கையோடு பிடிபட்டவர் ஊர் மண்டபத்துக்கு ஒரு தள்ளுவண்டி விறகு கொண்டுபோய்ப் போடவேண்டும். டாஸ்மேனியாவின் இந்த மூலையில் குளிர்காலம் முழுக்க அடுப்பு அணையாமல் எரிகிற மண்டபம் எங்களுடையது மட்டும்தான். பாதிரியார் இடது கையால் ஆசீர்வதிப்பார்; அது பலித்ததா என்று யாரும் சரிபார்த்ததில்லை. பக்கத்து ஊர்ப் பல் டாக்டர் மட்டும் அன்றைக்கு விடுமுறை எடுத்துக்கொள்வார். அதில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை.

எல்லாம் ஆம்ப்ரோஸ் பர்ட்டனால் வந்தது. மலைக்காடுகளில் மரம் வெட்டியவர். கோடரிப் போட்டிகளில் தீவு முழுக்கச் சுற்றி ஜெயித்தவர். கடைசியில் ஒரு மரம் அவரை ஜெயித்தது. அப்போது அவருடைய ஒரே மகன் மெர்வ் தவழ்ந்துகொண்டிருந்தான். ஆம்ப்ரோஸ் விட்டுப்போனது ஒரு கோடரி, ஒரு விதவை, கண்ணாடித் தகட்டில் பிடித்த ஒரு புகைப்படம். அந்தப் புகைப்படத்தை ஊரின் நூற்றாண்டு விழாவுக்காக லான்செஸ்டனில் ஒரு கடையில் கொடுத்துக் கதவளவு பெரிதாக்கி நூலகத்தில் மாட்டினார்கள். இடது தோளுக்கு மேல் ஓங்கிய கோடரியோடு ஆம்ப்ரோஸ் நிற்கிறார். இடக்கைக்காரர். அதுவரை யாருக்கும் இது தெரியாது. அவர் வெட்டுவதை நேரில் பார்த்த ஒரு கிழவர், வலது கை என்றுதான் ஞாபகம் என்று சொன்னாராம். படத்தைக் காட்டினார்கள். அவர் தன் ஞாபகத்தைத் திருத்திக்கொண்டார்.

மறு வருடமே இடக்கை நாள் தொடங்கிவிட்டது. பேக்கரி வாசலில் மரத்தில் செதுக்கிய சிலையும் வந்தது, இடது தோளில் கோடரியோடு.

ஆம்ப்ரோஸின் பேரன் டெஸ்மண்டின் மனைவி கிளெனிஸ்தான் நூலகப் பொறுப்பு. நூலகம் செவ்வாய், வியாழன், வெள்ளி மட்டும் திறந்திருக்கும். கிளெனிஸுக்குத் தன் மேல் சந்தேகம் வருவது அபூர்வம். சமையலிலும் வராது, ஆள்களை எடைபோடுவதிலும் வராது. ஆகவே, சின்ன ஊர் நூலகங்கள் தங்களிடமுள்ள உள்ளூர் வரலாற்றையெல்லாம் ஒரே டிஜிட்டல் காப்பகத்தில் சேர்க்கலாம், உலகத்தில் எங்கிருந்தும் யாரும் பார்க்கலாம், உதவிக்கு ஆள் அனுப்புகிறோம் என்று தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து போன் வந்தபோது, யோசிக்காமல் சரி என்றாள்.

ஊர்தான் யோசித்தது.

"நம்ம படத்தை ஹோபார்ட்காரன் எதுக்குப் பாக்கணும்?" என்றாள் ஜாய்ஸ். பேக்கரி அவளுடையது. இடக்கை நாள் கமிட்டியும் அவளுடையது மாதிரிதான். "அவனுக்கு வேற வேலை இல்லையா?"

"லாங் பாடக் ஊர்க்காரங்க நானூறு படம் குடுத்துட்டாங்களாம்," என்றாள் கிளெனிஸ்.

மறுநாள் நூலக வாசலில் வரிசை நின்றது. லாங் பாடக்கில் நானூறு பேரே கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஊர்க்காரர்கள் கோழிகளைக்கூடப் படம் எடுத்துச் சேர்த்திருப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள். பேசிக்கொண்டவர்கள் கையிலிருந்த உறைகளிலும் கோழிகள் இருந்தன.

உதவிக்கு வந்த பெண்ணின் பெயர் லின். சின்ன உருவம், பெரிய வேன், அதற்குள் இரண்டு ஸ்கேனர். செவ்வாய்க்கிழமை மழையோடு வந்து இறங்கினாள். குழந்தைகள் பிரிவில் மேசையைப் போட்டு, சின்ன நாற்காலிகளில் பெரியவர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு படமாக வாங்கினாள். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டி, கண்ணாடியில் வைத்து, மூடி, காத்திருந்து, பெயரிட்டு அடுத்தது. படம் எடுப்பதற்கு ஒரு நிமிஷம் ஆனது. படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்று தீர்மானிக்க ஒரு தலைமுறை ஆனது.

பழைய படங்களின் பின்னால் எழுதியிருந்ததைப் படிக்கப் படிக்க ஊரின் குணம் வெளியே வந்தது. ஆண்களுக்குப் பெயர் இருந்தது. மனைவிகளுக்குத் 'திருமதி' மட்டும் இருந்தது. நாய்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. ஜாய்ஸ் கொண்டுவந்த ஒரு படத்தில் பதினைந்து பேர் நின்றார்கள், ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. நடுவில் நின்ற மாடு மட்டும் 'டெய்ஸி'.

"கீழ எழுதறது உங்க நூலகத்தோட பேர்ல போகும்," என்றாள் லின். "தெரிஞ்சதைத் தெரியும்னு எழுதுங்க. தெரியாததைத் தெரியாதுன்னு எழுதுங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சது இல்ல."

கிளெனிஸுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. இரண்டு நாளில் அவள் இதை லின்னைவிட அதிகம் சொன்னாள். ஒரு மாப்பிள்ளைக் கோலப் படத்தில் 'ஊரிலேயே அழகன்' என்று எழுதச்சொன்ன விதவையிடம்கூட, "அது கருத்து, மேவிஸ். தகவல் இல்ல," என்று அதை அடித்துவிட்டாள். இடக்கை நாளன்று மண்டபத்தில் பெரிய திரை கட்டி, எல்லாப் படங்களையும் காட்டுவதாக ஏற்பாடு. முதல் படம் ஆம்ப்ரோஸ். அதை மெர்வ் பொத்தானை அழுத்தித் தொடங்கிவைப்பார். கிளெனிஸ்தான் ஏற்பாடு செய்தாள். பின்னால் இதை நினைத்து அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள், ஆனால் உரக்க இல்லை.

வியாழக்கிழமை மதியம் மண்டபத்து அலமாரியிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே பழைய காலத்துக் கண்ணாடித் தகடுகள். பிலிம் பரவலாவதற்கு முன்னால் படம் பிடித்தது இதில்தான். ஐந்தாவதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த லின் சிரித்தாள்.

"உங்க சுவத்துல இருக்கறவர்தான். மூலத் தகடே கெடச்சுடுச்சு."

ஸ்கேனர் முனகியது. திரையில் ஆம்ப்ரோஸ் மேலிருந்து கீழாக இறங்கி வந்தார். தொப்பி, மீசை, கோடரி, காலடியில் ஒரு நாய். கோடரி வலது தோளுக்கு மேல் இருந்தது.

"தகட்டைத் திருப்பி வச்சுட்ட," என்றாள் கிளெனிஸ்.

"இல்லையே. மருந்து பூசின பக்கம் மங்கலா இருக்கும், அது மேல பாத்து இருக்கணும். அப்படித்தான் வச்சிருக்கேன். மத்த நாலும் அப்படித்தான் வச்சேன்."

"எங்க ஆள் இடக்கை."

"அப்படியா," என்றாள் லின். அவள் பல ஊர்களைப் பார்த்தவள். வாதாடவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள். சட்டையின் பொத்தான்கள் நெல்லிக்காய் அளவுக்கு வந்தன. "ஆம்பளைச் சட்டைல பொத்தான் எந்தப் பக்கம் இருக்கும்?"

கிளெனிஸ் திரையைப் பார்த்தாள். பொத்தான்கள் ஆண்கள் சட்டையில் இருக்கவேண்டிய வலது பக்கத்தில் இருந்தன. திரும்பிச் சுவரைப் பார்த்தாள். அத்தனை வருடமாகத் தலைக்கு மேலே தொங்கிய மாமனாரின் அப்பா, பெண்கள் சட்டை போட்டுக்கொண்டு அவளை முறைத்தார்.

"ரெண்டு வழி இருக்கு," என்றாள் லின் மெதுவாக. "ஒண்ணு, லான்செஸ்டன் கடைல தகட்டைத் திருப்பிப் போட்டு அச்சடிச்சுட்டாங்க. இது எல்லா ஊர்லயும் நடந்திருக்கு. இல்லேன்னா அவர் மனைவியோட சட்டையைப் போட்டுக்கிட்டு மரம் வெட்டினார்."

"ரெண்டாவது பரவாயில்லன்னு சொல்வாங்க இந்த ஊர்ல," என்றாள் கிளெனிஸ்.

தகட்டின் ஓரத்தில், சுவர்ப்படத்தில் இல்லாத ஒன்றும் இருந்தது. மரம் இழுக்கும் வண்டியின் பின்பலகை. அதில் மரம் அறுக்கும் மில்லின் பெயர் நேராக, தெளிவாக எழுதியிருந்தது. சுவர்ப்படத்தில் அந்த இடத்தைச் சட்டத்துக்குள் இருக்கும் அட்டை மறைத்திருந்தது.

"நாளைக்குச் சாயங்காலம் நான் கிளம்பணும்," என்றாள் லின். "எதை அனுப்பறதுன்னு நீங்கதான் சொல்லணும். உங்க நூலகம், உங்க பேர்."

இதில் லின்னுக்கு ஒன்றும் போகாது. போவதெல்லாம் கிளெனிஸுக்குத்தான். திருப்பிய படத்தை அனுப்பினால், தெரிந்தே ஒரு பொய்க்குக் கீழே தன் பெயரைப் போடவேண்டும். மேவிஸின் முகத்தில் விழிக்க முடியாது. நேரான படத்தை அனுப்பினால், எண்பது வயது தாண்டிய மெர்வ், ஊர் முழுக்கக் கூடியிருக்கும்போது, தானே பொத்தானை அழுத்தித் தன் அப்பாவை வலக்கைக்காரராக்க வேண்டும்.

படத்தைச் சுவரிலிருந்து இறக்கிப் போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மழை விட்டிருந்தது. உருளைக்கிழங்கு தோண்டும் காலம். டெஸ்மண்ட் நாள் முழுக்கத் தோண்டும் இயந்திரத்தை ஓட்டிவிட்டு, காது மடலுக்குள்ளேயும் செம்மண்ணோடு வந்திருந்தான். சேறானதால் சீக்கிரமே நிறுத்திவிட்டார்களாம். கொட்டகைக்குப் பின்னால் அவன் விறகு பிளக்கும் சத்தம் கேட்டது. கிளெனிஸ் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற காட்சிதான். கோடரி வலது தோளிலிருந்து இறங்கும், கட்டை சொன்ன பேச்சைக் கேட்டு இரண்டாகும். போட்டியில் மட்டும் அவன் இடது கைக்கு மாறுவான். பர்ட்டன் வீட்டுப் பிள்ளை இடது பக்கம்தான் வெட்டவேண்டும் என்று மெர்வ் சின்ன வயதிலேயே பழக்கியது. போட்டியில் அவன் ஜெயித்ததே கிடையாது. விறகை மட்டும் அப்பா கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் பிளப்பான். ஐம்பது வயதாகப்போகிறவன் ஒளிந்து சிகரெட் பிடிக்கிற பையன் மாதிரி.

"டெஸ், உள்ள வா. கையைக் கழுவிட்டு வா."

சமையலறை மேசையில் படம் கிடந்தது. அவள் சொல்லி முடித்தாள். டெஸ்மண்ட் கழுத்தைச் சொறிந்தான். செம்மண் உதிர்ந்தது.

"பொத்தானா," என்றான்.

"பொத்தான்."

"நான் அந்தக் கோடரிப் போட்டில எத்தனை தடவை ரெண்டாவது வந்திருக்கேன் தெரியுமா?"

"மூணாவதும் வந்திருக்க."

"இப்ப அதையா சொல்லணும்?" அவன் குனிந்து சட்டத்தைப் பார்த்தான். விரலால் அட்டையை அளந்தான். "இதைப் பாரு. மூணு பக்கம் அட்டை ரெண்டு விரல் அகலம். இந்தப் பக்கம் மட்டும் நாலு விரல். அப்பா தச்சுப் பட்டறைல இருந்தப்ப போட்ட சட்டம் இது. அவர் கைல ஒரு நூல் கூடப் பிசகாது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டெஸ்மண்ட் பின்பக்க ஆணிகளைக் கழற்றினான். அட்டையைத் தூக்கினான். அகலமான பக்கத்துக்கு அடியில், வெயில் படாமல் புத்தம்புதிதாக, வண்டிப் பலகையின் எழுத்துகள் இருந்தன. ஒவ்வொன்றும் தலைகோதக் கண்ணாடி முன் நிற்கிற மாதிரி இடவலம் மாறித் திரும்பி நின்றது.

கதவு திறந்தது. கொல்லைப்புறத்து அறையில் இருக்கும் மெர்வ் சாப்பாட்டு நேரத்துக்குத் தட்டாமல் வருவார்.

"மேசை மேல எங்கப்பாவைப் படுக்க வச்சுட்டு, சாப்பாட்டை எங்க பொண்ணே வைக்கப்போற?" என்றார். பிறகு பிரித்துக் கிடந்த அட்டையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வழக்கத்தைவிட அதிக நேரம் மாட்டினார்.

"வாசனை நல்லாருக்கு. ஆட்டுக்கறியா?"

"ஆட்டுக்கறி. உக்காருங்க மெர்வ்."

உட்கார்ந்தார். கிளெனிஸ் கறியையும் வேகவைத்த கிழங்கையும் படத்தின் ஓரம் படாமல் வைத்தாள். அவர் இடது கையில் முள்கரண்டியை எடுத்து ஒரு கிழங்கை மசித்தார். தின்னவில்லை.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"லான்செஸ்டன்லேருந்து சுருட்டி வந்துது. பட்டறைல நான்தான் பிரிச்சேன். எழுத்தைப் பாத்ததும் தெரிஞ்சுது." கிழங்கைப் பார்த்துப் பேசினார். "பள்ளிக்கூடத்துல இந்தக் கையைப் பின்னால கட்டிவச்சாங்க. அதையாவது விடு, சின்ன வயசு. கோடரிச் சங்கத்துல என்னைக் 'கோணல்'னு கூப்பிடுவாங்க. கூட்டுப் போட்டில சேக்க மாட்டாங்க. நீ அடிச்சா சில்லு எங்க மேல பறக்குதும்பாங்க. அப்ப இது வருது. எங்கப்பா, இத்தனை பெருசா, என்னை மாதிரியே நிக்கறார். முதலாளி எட்டிப் பாத்துட்டு, 'அடடே, உனக்கு அங்கேருந்து வந்ததா'ன்னார். நான் அட்டையை அகலமா வெட்டினேன்."

"பாட்டி பாக்கலையா?" என்றான் டெஸ்மண்ட். "அவங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

"பாத்தா. அன்னிக்கு நூலகத்துல எல்லாரும் கை தட்டறாங்க, அவ படத்தைப் பாத்தா, அப்புறம் என் கையைப் பாத்தா. வீட்டுக்கு வந்து சுட்ட கறிப் பை ஒண்ணு என் தட்டுல அதிகமா வச்சா. அவ்ளோதான்."

"மறுவாரமே சொல்லியிருக்கலாமே."

"மறுவாரம் கூட்டுப் போட்டில சேத்துக்கிட்டாங்கடா."

டெஸ்மண்ட் எழுந்து ஜன்னலருகே போனான். வெளியே பார்த்தபடி கேட்டான். "உங்க கையைக் கட்டிவச்சாங்க. சரி. என் கையை நீங்க என்ன பண்ணினீங்கப்பா?"

மெர்வ் மசித்த கிழங்கையே மறுபடி மசித்தார். கறி ஆறியது. கூரையில் மிச்சமிருந்த மழை சொட்டியது.

"எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க," என்றார். "அந்தாள் பேரன் வலது பக்கம் வெட்டினா ஏன்னு கேப்பாங்க." பிறகு, "நீ கொட்டகைக்குப் பின்னால பொளக்கறது எனக்குத் தெரியும். சத்தத்துலயே தெரியும். நல்ல சத்தம் அது. ரொம்ப நல்ல சத்தம். நான் அந்த நேரத்துக்கு ரேடியோவைப் பெருசா வச்சுக்குவேன்," என்றார்.

டெஸ்மண்ட் திரும்பி வந்து அப்பாவின் தட்டை எடுத்துக்கொண்டுபோய்ச் சூடு பண்ணி வந்தான். மூவரும் சாப்பிட்டார்கள்.

"நான் நேரான படத்தைத்தான் அனுப்பப்போறேன், மெர்வ்," என்றாள் கிளெனிஸ்.

"அனுப்பு. நீ கேக்கற ஆளா? ஆனா சனிக்கிழமை நான் வரல. எனக்குக் காய்ச்சல்."

"அடுத்த வாரச் சனிக்கிழமைக்கு இப்பவேயா?"

"வயசாயிடுச்சு. மெதுவாத்தான் வரும்."

வெள்ளிக்கிழமை காலை கிளெனிஸ் சட்டம், அட்டை, படம் எல்லாவற்றையும் திரும்ப நூலகத்துக்குக் கொண்டுபோனாள். நூலகம் திறக்குமுன்பே லின் தேநீரோடு உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு படம் அனுப்பறோம்," என்றாள் கிளெனிஸ். "தகடு ஒண்ணு. சுவத்துப் படம் இன்னொண்ணு, சட்டத்தோட. அதுவும் இந்த ஊர்ல நடந்ததுதானே."

லின் ஒரு கணம் யோசித்தாள். "நல்ல யோசனை. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்," என்று ஒப்புக்கொண்டாள் கிளெனிஸ்.

முதல் படத்துக்குக் கீழே எழுதினாள்: 'ஆம்ப்ரோஸ் பர்ட்டன், மரம் வெட்டுபவர், கோடரி வீரர். வலக்கைக்காரர். நாய்: பெயர் தெரியாது.' நாயின் பெயர் தெரியாத ஒரே படம் எங்கள் ஊரில் அதுதான். இரண்டாவதற்குக் கீழே: 'அதே படம், அச்சிடும்போது திரும்பிவிட்டது. நூலகச் சுவரில் நூற்றாண்டு விழாவிலிருந்து தொங்கியது. இடக்கை நாளுக்குக் காரணம் இதுவே. சட்டமிட்டவர் மெர்வ் பர்ட்டன், கோடரி வீரர், இடக்கைக்காரர்.'

எழுதிவிட்டு மெர்வுக்குப் போன் பண்ணினாள். பேர் போட்ட ஆள் பார்க்காமல் அனுப்பக்கூடாது, வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றாள். காய்ச்சல்காரர் சைக்கிளில் வந்தார். சின்ன நாற்காலியில் உட்கார்ந்து, மவுஸை இடது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, முதல் படத்தைப் பார்த்தார். வெகு நேரம். இரண்டாவதை வாய்க்குள் படித்தார். கடைசிச் சொல்லுக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"தப்பு இருக்கு," என்றார்.

"எங்க?"

"சட்டமிட்டவர்னு மொட்டையா போட்டிருக்க. அச்சுல திரும்பினது கடைக்காரன் தப்பு. அட்டையை அகலமா வெட்டி மறைச்சது நானு. அதையும் போடு. தெரிஞ்சதைத் தெரியும்னு எழுதணும்னு நீதானே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியற?"

கிளெனிஸ் போட்டாள். லின் அனுப்பினாள். வேன் மழைக்குள் லாங் பாடக் பக்கம் திரும்பி மறைந்தது.

அன்று மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. கமிட்டி பேக்கரியில் கூடியது. இடக்கை நாளை வலக்கை நாளாக மாற்றலாம் என்று ஒருவர் சொன்னார். அது மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளிலிருந்து எப்படி வேறுபடும் என்று இன்னொருவர் கேட்டார். சிலையைத் தெருவைப் பார்க்காமல் கடைக் கண்ணாடியைப் பார்க்கத் திருப்பிவைத்தால் கண்ணாடியில் சரியாகத் தெரியும் என்று ஒரு யோசனை வந்து, ஓட்டெடுப்பில் ஒரே ஓட்டில் தோற்றது. கடைசியில் ஜாய்ஸ் சொன்னாள்.

"ஸ்கேலப் சிப்பிக்கறி அடைச்ச பைக்கு மாவு பெசைய ஆள் சொல்லியாச்சு. இடக்கை நாளை மாத்த முடியாது. அதோட, இடக்கைக்காரன் வேணும், அவ்ளோதானே? மெர்வ் இருக்கான். உயிரோட வேற இருக்கான். சிலைக்கு மீசையை மட்டும் செதுக்கி எடுத்துட்டா அது மெர்வ்தான்."

அடுத்த வாரச் சனிக்கிழமை மேற்கிலிருந்து காற்று அடித்தது. பந்தல் துணி படபடத்தது. மண்டபத்தில் மெர்வ் இடது கையால் பொத்தானை அழுத்தினார். திரையில் ஆம்ப்ரோஸ் வலது தோளில் கோடரியோடு வந்தார். பின்வரிசையில் யாரோ, "நல்லாத்தான் இருக்கார்," என்றார்கள். அடுத்த படத்துக்குப் போனார்கள். டெய்ஸிக்குக் கைதட்டல் அதிகம்.

கோடரிப் போட்டிக்கு மட்டும் இடக்கை விதி கிடையாது. வெட்டுகிறவர்களுக்குக் கால் வேண்டுமே என்பதால். இந்தப் போட்டியில் மந்தமானவர்களை முதலில் தொடங்கவிட்டு, கெட்டிக்காரர்களைக் காக்கவைப்பார்கள். டெஸ்மண்டின் சாதனைகளைக் கருதி அவனை ஏறக்குறைய எல்லோருக்கும் முன்னால் தொடங்கவிட்டிருந்தார்கள். அவன் கட்டைக்கு அந்தப் பக்கம் போய், வலது தோளுக்கு மேல் கோடரியை ஓங்கினான். சில்லுகள் எதிர்ப்பக்கம் பறந்தன. கடைசியாகத் தொடங்கவேண்டியவர் தொடங்குவதற்குள் அவன் கட்டை இரண்டாகிக் கிடந்தது. நேரம் ஒதுக்குகிற அதிகாரி தன் கடிகாரத்தை உதறிப் பார்த்தார். பிறகு டெஸ்மண்டைப் பார்த்தார். இது மோசடி என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. எந்த வகை மோசடி என்றுதான் தெரியவில்லை.

மெர்வ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மகனிடம் இடது கையை நீட்டினார். டெஸ்மண்ட், மூச்சு வாங்கிக்கொண்டு, நினைப்பில்லாமல் வலது கையை நீட்டினான். எப்படிப் பிடித்தாலும் பொருந்தவில்லை. கடைசியில் அப்பா மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"பாத்தேன்," என்றாள் ஜாய்ஸ் பின்னாலிருந்து. "வலது கை. வண்டி அங்க இருக்கு."

"இப்பத்தான் ஜெயிச்சிருக்கான், ஜாய்ஸ்," என்றாள் கிளெனிஸ்.

"அது கருத்து. விறகு எங்க?"

டெஸ்மண்ட் வெட்டிய கட்டையையே பிளந்து ஏற்றினார்கள். தள்ளுவண்டியின் வலது கைப்பிடியை அவன் பிடித்தான். இடது கைப்பிடியை மெர்வ் பிடித்துக்கொண்டார். விடுப்பா, நான் ஒருத்தனே தள்ளிடுவேன் என்று அவன் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. ஒருவர் உயரம், ஒருவர் குள்ளம். காற்று வேறு எதிரே. வண்டி கொஞ்சம் கோணலாகத்தான் போனது, மண்டபம் வரைக்கும்.